எனக்கு எதுக்குங்க விருது

பெருநகர்,
உத்திரமேரூர் வழி,
செங்கற்பட்டு மாவட்டம்.
ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை, 1983.

சகல சௌபாக்கியமும் பெற்ற மச்சான் பஞ்சாட்சரம் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை சொக்கம்மாளின் புருஷன் தாண்டவராயன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான், உங்கள் தங்கை, கறவை மாடு இரண்டு, சங்கம் ஒன்று ஆக எல்லோரும் சுகம். ஏரியில் முக்கால்வாசி தண்ணீர் இருக்கிறது. பெரம்பூரில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நம்ம ஊர் ஈசுவரன் பார்த்துக்கொள்வார். கடிதம் கொஞ்சம் நீளம். ஆபீசில் பிரிக்காமல் வீட்டுக்குப் போய், சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு படிக்கவும்.

விஷயம் என்னவென்றால் மச்சான், விருது வந்துவிட்டது. நீங்கள் ஆபீஸ் டைப்ரைட்டரில் இங்கிலீஷில் சிபாரிசு அடித்து அனுப்பினீர்களே, அதே ‘சிறந்த தொண்டுத் தலைவர்’ விருதுதான். நம் வீட்டுக்கே வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்குள் ஒரு ஆள் தள்ளி வந்திருக்கிறது. எனக்கு வரவில்லை, உங்கள் தங்கைக்கு வந்திருக்கிறது. அதை ஒரே ஒரு ஆள் இந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். உங்களால் மட்டும்தான் அது முடியும் என்பதால் இந்தக் கடிதம். நான் கலங்கிப்போய் எழுதுவதாக நினைக்க வேண்டாம். எனக்குக் கலக்கம் என்பதே கிடையாது என்று உங்களுக்குத் தெரியும்.

முதலில் உங்கள் பேரில் ஒரு சின்னக் குறை. சின்னதுதான். சிபாரிசில் நான் ஏரிக் கால்வாய் தூர்வாரியது, கண் முகாம் நடத்தியது, நடவு காலத்தில் கூலிக்குப் போகிற பெண்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் வைத்தது எல்லாவற்றையும் அழகாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அனுப்பிய நகலை நம் தபால்காரரை விட்டுத் தமிழில் சொல்லச் சொல்லி நானே இரண்டு தரம் கேட்டேன். கடைசியில்தான் வினை. ‘எல்லாவற்றுக்கும் மேலாக இவர் மிகுந்த அடக்கம் உள்ளவர், புகழை நாடாதவர்’ என்று ஒரு வரி சேர்த்தீர்கள். அந்த வரியை யார் கேட்டது? அடக்கம் என்று எழுதி என்னை அடக்கமே செய்துவிட்டீர்கள் மச்சான். அதைக் கேட்ட பிறகு நான் அதற்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்ளாமல் இருக்க முடியுமா? எழுதியவர் என் பெண்டாட்டியின் அண்ணன் ஆயிற்றே, உங்கள் வாக்குப் பொய்யாகலாமா?

இந்த விருதுகள் எப்படிக் கொடுக்கப்படுகின்றன என்பதை நான் நன்றாக ஆராய்ந்து வைத்திருந்தேன். சாலவாக்கத்திலிருந்து வந்தவாசி வரை விருது வாங்கிய சங்கத் தலைவர் ஒவ்வொருவரையும் நேரில் போய்ப் பார்த்து, அவர்கள் கூடத்தில் மாட்டியிருக்கிற கேடயத்தைத் தடவிப் பார்த்து, எப்படி வாங்கினீர்கள் என்று விசாரித்தேன். தொண்டு செய்திருக்க வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் அது மட்டும் போதாது. ஜீப் போகிற மாதிரி ரோடு இருக்க வேண்டும். ரோடு இல்லாத ஊரில் எவ்வளவு தொண்டு செய்தாலும் அது செய்யாததுதான். வருகிறவர்களில் ஒருத்தராவது அம்மாளாக இருப்பார், அவருக்குக் கதவு சாத்துகிற மாதிரி ஒரு கக்கூஸ் வேண்டும். போட்டோ எடுக்க நல்ல வெளிச்சத்தில் குழந்தைகள் வேண்டும், அதில் ஒன்று சிரிக்க வேண்டும். அப்புறம் மாவட்டத்துக்கு மாவட்டம் முறை வைத்துத்தான் கொடுப்பார்கள், இந்த வருஷம் நம் செங்கற்பட்டு மாவட்டத்தின் முறை. எல்லாப் பொருத்தமும் எனக்கு இருந்தது மச்சான். கல்யாணத்துக்குப் பார்த்தால்கூட இத்தனை பொருத்தம் வராது. அதனால்தான் முடிவு வருவதற்கு முன்பே சுவரொட்டி அடிக்கக் கொடுத்தேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

தேர்வுக் குழு வருகிற தேதி தெரிந்ததும் எங்கள் சங்கச் செயலாளர் தானியேலைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். காலனியில் பிறந்து எங்கள் பஞ்சாயத்துப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர், அதுதான் கடைசியில் வம்பாகப் போனது. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பந்தியில் பாயசம் கொண்டுவந்தால் ‘போதும் போதும்’ என்று இலைக்கு மேல் கையை விரிப்போம். ஆனால் விரலுக்கு நடுவே இடம் விட்டுத்தான் விரிப்போம். பரிமாறுகிறவனும் அதைப் பார்த்துப் பார்த்து ஊற்றுவான். அது மாதிரிதான் திட்டம். அவர்கள் விருது என்று பேச்சை எடுத்ததும் நான் ‘எனக்கு எதுக்குங்க’ என்பேன். அவர்கள் வற்புறுத்துவார்கள். நான் மறுபடியும் ‘எனக்கு எதுக்குங்க, தானியேலுக்குக் குடுங்க’ என்பேன். அந்த இரண்டாவது மறுப்புக்குப் பிறகு தானியேல் எழுந்து, ‘தலைவர் இப்படித்தான், அவரு வாயால கேக்கவே மாட்டாரு, நீங்கதான் கட்டாயப்படுத்தணும்’ என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தரம் நான் தலையைக் குனிந்துகொண்டு, ‘சரி, இத்தனை பேர் ஆசைப்படும்போது’ என்று ஒத்துக்கொள்வேன். தானியேல் தன் வரியை மனப்பாடம் செய்து என்னிடம் ஒப்பித்தும் காட்டினார். ஒரு குறையும் இல்லை.

குழு வருகிற அன்று உத்திரமேரூர் ரோட்டு முனையில் மாலை, மேளம், சோடா, கடையில் வாடகைக்கு எடுத்த நாற்காலிகள் சகிதம் ஊரே நின்றது. நான் வெள்ளை வேட்டியில் தனியாக, கொஞ்சம் பின்னால் நின்றேன், அடக்கமாக இருக்கட்டும் என்று. ஆனால் ஜீப் டிரைவர் எவனையோ வழி கேட்டு, செய்யாற்றுப் பக்கமாக வந்து, மணலில் மாட்டி, தள்ளி எடுத்து, நேராக நம் வீட்டுக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். எங்களுக்குத் தெரிவதற்குள் அவர்கள் மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டார்கள். மாட்டுக் கொட்டகை என்றால் இப்போது மாடு இல்லை, அதுதான் காப்பகம். உங்கள் தங்கை அங்கே ஒரு குழந்தைக்குக் கால் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாளாம். வந்தவர்கள் யார் என்றுகூடக் கேட்காமல், ‘செருப்ப வெளிய வுட்டுட்டு வாங்க, புள்ளைங்க தவழுற எடம்’ என்றாளாம். நாங்கள் மேளத்தோடு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எல்லாம் எழுந்து அழ ஆரம்பித்தன. அதற்கும் எனக்குத்தான் திட்டு, குழுவின் எதிரிலேயே.

குழுவின் தலைவி ஞானசுந்தரி அம்மாள் ரிடையர்டு ஹெட்மிஸ்டிரஸ். கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற அம்மாள். கூட முத்துகிருஷ்ணன் என்று ஒரு ரிடையர்டு தாசில்தார், அவர் வடையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. எல்லாம் பார்த்து முடித்து, நாற்காலியில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, அம்மாள் என்னைக் கேட்டார்: “இந்த விருதை உங்களுக்குக் கொடுத்தா ஏத்துக்குவீங்களா?” எனக்கு உள்ளே குளிர்ந்துவிட்டது மச்சான். ஒத்திகையில் செய்ததைவிட நன்றாகச் செய்தேன். கையைக் கூப்பி, ஒரு அடி பின்னால் போய், “எனக்கு எதுக்குங்க விருது? இதோ இருக்காரே தானியேல், எல்லாம் இவருதான்” என்றேன்.

அந்த அம்மாள் “சரிங்க” என்றார். எழுதிக்கொண்டார். என் பக்கத்திலிருந்து நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

என் கை விரித்தபடியே இருந்தது, பாயச வாளி அடுத்த இலைக்குப் போய்விட்டது. ‘சரிங்க’ என்று சொன்னால் அதற்குப் பிறகு என்ன செய்வது என்று நம் ஊரில் யாருக்குமே தெரியாது மச்சான், ஏனென்றால் யாரும் அப்படிச் சொன்னதில்லை. நான் தானியேலைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன், புருவத்தை உயர்த்தினேன், இருமினேன். அவர் அசையவில்லை. பிறகு கேட்டதற்கு, “ரெண்டாவது வாட்டி வேணாம்னு சொன்னப்புறம்தான் வாயத் தொறக்கணும்னு சொன்னீங்கோ தலைவரே. நீங்க ஒரு வாட்டிதான சொன்னீங்கோ” என்கிறார். அவரை என்ன சொல்ல? ஒத்திகைப்படி அவர் சரி.

அம்மாள் அவரையே கேட்டார், நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்களா என்று. என்னைப் பார்த்துப் பழகிய ஆள் ஆயிற்றே, என்னைப் போலவே கையைக் கூப்பி, ஒரு அடி பின்னால் போய், “எனக்கு இன்னாத்துக்கும்மா? புள்ளைங்கள முனியம்மாதான் பாத்துக்கினு கீது, அத்தக் கேளுங்க” என்றார். காப்பகத்தில் வேலை பார்க்கிற முனியம்மாளோ, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன், இந்தக் கொட்டகையைக் காலி பண்ணிக் கொடுத்தது பெரியம்மாதான், அவர்களைக் கேளுங்கள் என்று உங்கள் தங்கையைக் கை காட்டிவிட்டாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எப்படியும் சொக்கம்மாள் புருஷனைத்தான் காட்டுவாள், சுற்றிக்கொண்டு என்னிடமே வரும், இந்தத் தடவை இரண்டு தரம் மறுக்கலாம் என்று துண்டைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

உங்கள் தங்கை இடுப்பில் ஒரு குழந்தை. அதன் மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “குடுங்கம்மா. வாங்கிக்கிறேன்.”

ஞானசுந்தரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நிஜமாகவா என்று கேட்டார். “இன்னாம்மா இப்பிடிக் கேக்கறீங்க? நீங்கதான குடுக்கறேன்றீங்க. எந்த ஊர்ல, எந்த பஸ் புடிச்சி வரணும், அத்தச் சொல்லுங்க” என்றாள் உங்கள் தங்கை. வடை சாப்பிட்டுக்கொண்டிருந்த தாசில்தார்கூட நிமிர்ந்து பார்த்தார். அந்த அம்மாள் எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. பிறகுதான் காரணம் சொன்னார். போன வருஷம் யாரோ ஒரு தலைவருக்கு மேடையில் விருது கொடுக்கப் போக, அவர் மைக்கைப் பிடித்து ‘எனக்கு எதுக்கு’ என்று ஆரம்பித்து, நிறுத்தத் தெரியாமல் வேண்டாம் என்றே முடித்துவிட்டாராம். சிறப்பு விருந்தினர் தட்டோடு நின்றாராம். அதிலிருந்து புது விதி. நேரில் கேட்பது, வேண்டாம் என்றால் விட்டுவிடுவது. மாவட்டம் பூரா சுற்றிவிட்டோம், வேண்டும் என்று சொன்ன முதல் ஆள் இந்த அம்மாதான் என்றார். விருதுக்கு ஆள் எடுக்கிற லட்சணம் இது மச்சான். உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுத்தார்களே, அவர்கள் புத்திசாலிகள். ஆளின் வாயைக் கேட்கவே இல்லை.

போன வியாழக்கிழமை முடிவு தபாலில் வந்தது. கவரின் மேல் ‘திருமதி சொக்கம்மாள்’ என்று போட்டிருந்தது. அதற்குள் நான் கொடுத்திருந்த சுவரொட்டி உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு, மானாம்பதி, சாலவாக்கம் எல்லா இடத்திலும் ஒட்டியாகிவிட்டது. ‘விருது பெறும் தொண்டுச் செம்மல் தாண்டவராயனார் வாழ்க, இவண் பொதுமக்கள்.’ பொதுமக்களுக்கு விஷயம் தெரிந்ததும், அந்தப் பொதுமக்களே வந்து இப்போது என்னிடம் துக்கம் விசாரிக்கிறார்கள். சலூனில் ஒருத்தன், பரவாயில்லை ஐயா, குடும்பத்துக்குள்தானே என்கிறான். சுவரொட்டியை என்ன செய்வது என்று உங்கள் தங்கையைக் கேட்டால், ‘தாண்டவராயனார்’ என்பதற்குப் பக்கத்தில் ‘சம்சாரம்’ என்று ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினால் போதும், மீதி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்கிறாள்.

நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். சட்டப்படி நான்தான் தலைவர், இது தலைவருக்கான விருது, நீ சங்கத்தில் உறுப்பினர்கூட இல்லை, மேடையில் ஏறி ஒரு வார்த்தை, ‘எனக்கு எதுக்கு, அவருக்குக் குடுங்க’ என்று சொல்லிவிடு, அவ்வளவுதான் என்றேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. “நீங்க வாங்கினா கூடத்துல மாட்டுவீங்க. தெனம் தொடைக்கறது யாரு? நான்தான. தொடைக்கறவளே வாங்கிக்கிறேன்” என்றாள். அதோடு விட்டாளா? பழசை எடுத்தாள். எங்கள் கல்யாணத்தில் நீங்கள் கைக்கடிகாரத்தைக் கழற்றி, ‘கட்டிக்கோங்க மாப்ளே’ என்று நீட்டினீர்களே, நினைவிருக்கிறதா? நான் ‘எனக்கு எதுக்கு மச்சான்’ என்றேன். நீங்கள் பட்டணத்துக்குப் போய்ச் சேர்ந்து நாளாகியிருந்தது, நம் வழக்கம் மறந்துவிட்டது, ‘சரி மாப்ளே’ என்று திரும்பக் கட்டிக்கொண்டீர்கள். அது இன்றைக்கும் உங்கள் கையில்தான் ஓடுகிறது. நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை, சும்மா ஞாபகத்துக்கு எழுதுகிறேன். “அன்னிக்கு எங்க அண்ணன் முன்னால எப்பிடி நின்னுக்கினு இருந்தீங்களோ அப்பிடியேதான் இன்னிக்கும் கீறீங்க. வேணும்னா வேணும்னு சொல்ல ஒரு மனுசனுக்கு இன்னா கஷ்டம்?” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் மாடு கத்தியதால் எழுந்து போய்விட்டேன்.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். காப்பகத்தை ஆரம்பித்தது யார் என்று கேட்டால் கொஞ்சம் சிக்கல்தான். ஒரு நடவில் வரப்பு மேல் துணி போட்டுக் கிடத்தியிருந்த ஒரு குழந்தை உருண்டு சேற்றில் விழுந்ததைப் பார்த்துவிட்டு வந்து, அன்றைக்கே மாடுகளை அவிழ்த்து வேப்பமரத்தில் கட்டி, கொட்டகையைச் சாணம் போட்டு மெழுகி, குழந்தைகளை எல்லாம் தூக்கிக்கொண்டு வந்தது உங்கள் தங்கைதான். மாடு மழையில் நனைகிறதே என்று சத்தம் போட்டது நான்தான். ஆனால் போர்டு வைத்தது யார்? அதில் சங்கத்தின் பெயரை எழுதவைத்தது யார்? திறப்பு விழாவுக்கு பி.டி.ஓ.வை அழைத்து வந்தது யார்? தலைமை என்றால் அதுதானே மச்சான். கால்வாய் தூர்வாரும்போது எல்லோரோடும் நானும் மண் சுமந்தேன், தோளில் இன்னும் தழும்பு இருக்கிறது, அதை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

உங்களிடம் மறைப்பானேன். எனக்கு அந்த விருது வேண்டும். ரொம்ப வேண்டும். இத்தனை வருஷமாக இந்தச் சங்கத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவனை, ஒரு தரம், ஒரு மேடையில், ஒரு மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களா என்று இருக்கிறது. இதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை. வாயால் சொல்ல வரவில்லை, எழுத வருகிறது.

ஆகவே நீங்கள் வருகிற வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, காஞ்சிபுரம் வந்து மாறி, எப்படியாவது இங்கே வந்துவிடவும். அண்ணன் சொன்னால் அவள் தட்ட மாட்டாள். வெற்றி நிச்சயம், எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஞானசுந்தரி அம்மாள் இன்னொரு தரம் என் முன்னால் வந்து நின்று கேட்டால் போதும், இந்தத் தடவை நான் தயார். தினமும் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது மாட்டைப் பார்த்துச் சொல்லிப் பழகுகிறேன், ‘சரிங்க, வாங்கிக்கிறேன்’ என்று. இரண்டே வார்த்தை, அதில் எனக்குத் தடங்கலே இல்லை. மாடுகூடப் பழகிவிட்டது.

அக்காவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதத்தையும் தெரிவிக்கவும். பெரியவனுக்கு வேலை கிடைக்கவும், சின்னவளுக்கு நல்ல இடம் அமையவும், உங்களுக்கு வாயுத் தொல்லை நீங்கவும் இங்கே வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
மாப்பிள்ளை தாண்டவராயன்,
தலைவர், பெருநகர் கிராமத் தொண்டர் சங்கம்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடவும். கவரை ஒட்டுவதற்குள் வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. ஞானசுந்தரி அம்மாள். உங்கள் தங்கை எனக்குத் தெரியாமல் தானியேலை விட்டு அவர்களுக்குக் கார்டு எழுதிப் போட்டிருக்கிறாள் மச்சான். ‘அவரு மொகத்தப் பாக்க முடியல, அவரு பேரையும் சேத்துப் போடுங்க, ரெண்டு பேரும் ஒண்ணா வந்து வாங்கிக்கிறோம்’ என்று. அம்மாள் வாசற்படியில் நின்றபடியே பேனாவைத் திறந்து, உங்களுக்குச் சம்மதம்தானே என்று என்னைக் கேட்டார். சொக்கம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையைக் கூப்பினேன். ஒரு அடி பின்னால் போனேன். “எனக்கு எதுக்குங்க” என்றேன்.

அந்த அம்மாள் எழுதிக்கொண்டு போய்விட்டார். உங்கள் தங்கை உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்து வந்து என் பக்கத்தில் ஒரு டம்ளர் டீயை வைத்துவிட்டுப் போனாள். வேண்டுமா என்று கேட்கவில்லை. யோசித்துப் பார்க்கிறேன், கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒருநாளும் என்னைக் கேட்டு வைத்ததில்லை.

விழாவுக்கு நான் போகிறேன். அவளுக்குப் பக்கத்தில் அல்ல, கீழே, முதல் வரிசையில். அவள் பெயரைக் கூப்பிடும்போது எல்லோருக்கும் முன்னால் கை தட்டுவேன். நீங்களும் வாருங்கள், அவளைத் தடுக்க அல்ல. வரும்போது அந்தக் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வாருங்கள் மச்சான். நீங்கள் கழற்றி நீட்டினால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தயவுசெய்து காதில் வாங்காமல் என் கையைப் பிடித்துக் கட்டிவிடவும்.